லிண்டிஸ்ஃபார்ன் நீலம்

லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டில் பூசியிருக்கும் நீலம் ஆப்கானிஸ்தானத்து நீலம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டு வந்தது. நம்பியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். 1956-க்கும் 1960-க்கும் இடையில் அந்த ஏட்டை அச்சு அசலாகப் படியெடுத்து வெளியிட்டார்கள். அதனுடன் வந்த ஆய்வுத் தொகுதிக்காக ஹைன்ஸ் ரோசன்-ருங்கே என்ற ஜெர்மானிய வண்ண ஆய்வாளர் பக்கங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சில இடங்களில் இருந்த நீலத்தைக் கண்டு, அது லேபிஸ் லாசுலி என்ற முடிவுக்கு வந்தார். பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுக்கும் நீலக்கல் அது. அதை அரைத்துச் செய்த வண்ணம் பிற்கால ஐரோப்பாவில் தங்கத்துக்கு ஈடாக விலை போனது.

பதக்‌ஷானிலிருந்து வட இங்கிலாந்துக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளிரும் காற்றும் மாறி மாறி அடிக்கும் ஒரு சின்னத் தீவில் இருந்த துறவியின் மேசைக்கு அந்தக் கல் வந்து சேர்ந்தது என்றால் பாலைவனம், கடல், சந்தை, வணிகர் என்று ஒரு பெரிய பயணக்கதையே அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். யாருக்குத்தான் அப்படி ஒரு கதை பிடிக்காது? அழகான பொருள் என்றால் அதன் மூலப்பொருளும் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கேள்வி கேட்க ஆளில்லை.

2004-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் வேதியியலாளர்கள் கேத்தரின் பிரவுனும் ராபின் கிளார்க்கும் அந்த நீலத்தின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். ஏட்டில் லேபிஸ் லாசுலி இல்லை. இருந்தது இண்டிகோ, அதாவது இலையிலிருந்து எடுத்த சாயம்.

இந்த முடிவு ஏட்டின் மதிப்பைக் குறைத்ததாகச் சிலருக்குத் தோன்றலாம். நடந்தது நேர்மாறு. அது ஏன் என்று புரிய, ஏடு எப்படி உருவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

லிண்டிஸ்ஃபார்ன் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய தீவு. கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி வந்து கரைக்குப் போகும் வழியை மூடிவிடும். நீர் வடிந்தால் நடந்தே போகலாம். அயோனா தீவிலிருந்து வந்த ஐரிஷ் துறவி எய்டன் 635-இல் அங்கே ஒரு மடத்தை நிறுவினார். அந்த மடத்தின் பெரும்புகழ் பெற்ற ஆயர் கத்பர்ட் 687-இல் இறந்தார். 698-இல் அவரது உடலைத் தோண்டியெடுத்துப் புனிதராக்கி வைத்தார்கள். அதே ஆண்டில் ஆயர் பொறுப்புக்கு வந்தவர் ஈட்ஃப்ரித். 721-இல் இறக்கும்வரை அவர்தான் ஆயர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்திகளையும் லத்தீனில் எழுதி, எழுத்துகளையும் ஓவியங்களையும் தீட்டியவர் அவரே என்று பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு ஏட்டின் கடைசியில் குறித்து வைத்திருக்கிறார். எத்தில்வால்ட் என்பவர் ஏட்டைத் தைத்துக் கட்டினார், பில்ஃப்ரித் என்ற தனிவாழ்வுத் துறவி பொன்னும் மணியும் பதித்து மேலுறை செய்தார் என்றும் அதில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எழுதிய குறிப்பு என்பதால் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தயங்குபவர்கள் உண்டு. ஆனால் ஏடு முழுவதும் ஒரே கை ஓடியிருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அக்காலத்தில் இவ்வளவு பெரிய நூலைப் பல பேர் பங்குபோட்டு எழுதுவதுதான் வழக்கம். ஒரே ஆள், அதுவும் ஆயர் வேலையையும் பார்த்துக்கொண்டு, இதைச் செய்தார் என்பது அபூர்வம்.

ஏட்டில் 259 தாள்கள். தாள் என்று சொன்னாலும் அது கன்றுக்குட்டித் தோல். ஒரு தாளின் உயரம் சுமார் 36 சென்டிமீட்டர், அகலம் 27-ஐ ஒட்டி. இந்த அளவுக்கு ஒரு தோலை மடித்தால் இரண்டு தாள்கள்தான் தேறும். ஆக, பழுது போனதைக் கணக்கில் சேர்க்காமலே 130 கன்றுகள். அப்படி ஒரு மந்தை வைத்திருக்கும் வசதி உள்ள மடத்தால்தான் இதை நினைத்துப் பார்க்கவே முடியும். உண்மையான பெருஞ்செலவு நீலத்தில் இல்லை, மாட்டுக் கொட்டிலில் இருந்தது.

தோலைத் தாளாக்கும் வேலை செருப்புக்குத் தோல் பதனிடுவது போன்றதல்ல. சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு முடியைக் களைவார்கள். பிறகு ஈரத்தோடு மரச்சட்டத்தில் நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்து, பிறை வடிவக் கத்தியால் சுரண்டிக்கொண்டே காயவிடுவார்கள். முறுக்கிக்கொண்டு கிடக்கும் கொலாஜன் நார்கள் இழுவிசையில் படிந்து, தளத்துக்கு இணையாக அடுக்காகின்றன. அதனால்தான் தோல் வெளுத்து, விறைத்து, ஒளி லேசாகக் கசியும் தகடாகிறது. முடி இருந்த பக்கம் சற்றே மஞ்சள் ஓடியிருக்கும்; சதைப் பக்கம் வெள்ளையாக இருக்கும். ஈரம் பட்டால் மீண்டும் சுருளத் துடிக்கும் என்பதால் இத்தகைய நூல்களுக்குக் கனத்த பலகை அட்டையும் கொக்கியும் தேவைப்பட்டன.

கொலாஜன் இன்னொரு வகையிலும் உதவியது. பழைய ஏட்டின் தோல் எந்த விலங்குடையது என்று கண்டுபிடிக்க ஒரு துண்டை வெட்டியெடுக்க எந்த நூலகம் சம்மதிக்கும்? இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சாரா ஃபிடிமென்டும் குழுவினரும் ஒரு சாதாரண ரப்பரில் வழி கண்டார்கள். தாளை அழுக்கு போக ரப்பரால் தேய்ப்பது ஏட்டுப் பாதுகாப்பாளர்களின் அன்றாட வேலை. அப்படித் தேய்க்கும்போது எழும் நிலைமின்னூட்டத்தில் கொலாஜன் மூலக்கூறுகள் ரப்பர்த் தூளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. குப்பையில் போகும் தூளைச் சேர்த்து வைத்து, புரதத்தை நொதியால் துண்டாக்கி, நிறை நிறமாலைமானியில் துண்டுகளின் எடையைப் பார்த்தால் கன்றா, செம்மறியா, வெள்ளாடா என்று தெரிந்துவிடும். ஆயிரமாம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட யார்க் நற்செய்தி ஏட்டில் அதே ரப்பர்த் தூளிலிருந்து மரபணுவையும் எடுத்தார்கள். பெரும்பாலும் கன்றுத் தோல், அதிலும் சோதித்தவற்றில் பெண் கன்றுகளே அதிகம் என்று 2017-இல் அறிவித்தார்கள். பால் கொடுக்க வளர்க்க வேண்டிய பெண் கன்றுகளை யார் கொல்வார்கள்? அக்காலத்தில் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சத்தியப் பிரமாணம் எடுக்கும்போது கைபட்டும் இதழ் பட்டும் தேய்ந்த பக்கங்களில் மனித உடலில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுவும் கிடைத்தது.

லிண்டிஸ்ஃபார்னுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு நற்செய்திக்கும் முன்னால் ஈட்ஃப்ரித் ஒரு முழுப் பக்கத்தை எழுத்தே இல்லாமல் விட்டு, பின்னலும் சிலுவையுமாக நிரப்பினார். கம்பளம் விரித்தாற்போல இருப்பதால் அவற்றுக்குக் கம்பளப் பக்கங்கள் என்று பெயர். ஏட்டின் முகப்பில் ஒன்று, நற்செய்திக்கு ஒன்று என மொத்தம் ஐந்து. அடுத்த பக்கத்தில் நற்செய்தியின் முதற்சொற்கள் ராட்சத எழுத்துகளில் தொடங்கும். லூக்காவின் முதல் பக்கத்தில் எழுத்துகளைச் சுற்றி இறைந்து கிடக்கும் சிவப்புப் புள்ளிகளை எண்ணியவர்கள் 10,600 என்கிறார்கள். அதே பக்கத்தின் வலது ஓரச் சட்டம் முழுவதும் ஒரு பூனையின் நீண்ட உடல். தலை கீழ்மூலையில் இருக்கிறது. உடலுக்குள்ளே பறவைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு அடைந்து கிடக்கின்றன. அத்தனையும் பூனை விழுங்கியவை. இன்னும் சில பறவைகள் பூனையின் வாய்க்கு நேரே வரிசைகட்டி வருகின்றன. வேதநூலின் முதல் வரிக்குப் பக்கத்தில் இந்தக் குறும்பு எதற்கு என்று அறிஞர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். துறவிக்கும் சிரிப்பு வரும் என்பதை விளக்கம் சொல்பவர்கள் அவ்வப்போது மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை சிக்கலான பின்னலைப் பிசகில்லாமல் போட்டது எப்படி? தாளைத் திருப்பினால் தெரியும். கம்பளப் பக்கங்களின் பின்புறம் காம்பஸ் ஊன்றிய துளைகளும், அளவுகோல் வைத்து இழுத்த கட்டங்களும், மெல்லிய சாம்பல்நிறக் கோட்டில் வரைந்த முன்மாதிரியும் இன்னமும் இருக்கின்றன. எலும்பு முள்ளால் கீறிக் கோடு போடுவதுதான் அன்றைய வழக்கம். கீறினால் மறுபக்கமும் தடம் விழும். ஈட்ஃப்ரித் ஈயக் குச்சியால் வரைந்தார். மற்ற இடங்களில் அது பரவுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே! பிரிட்டிஷ் நூலகத்தில் பணியாற்றிய மிஷெல் பிரவுன் இன்னும் ஒருபடி போகிறார். பின்பக்கம் வரைந்த கோட்டை முன்பக்கத்தில் பார்த்து வண்ணம் தீட்ட வேண்டுமானால் தாளுக்குப் பின்னால் விளக்கு இருந்திருக்க வேண்டும். ஈட்ஃப்ரித் ஒளிகசியும் பலகை ஒன்றை அமைத்துக்கொண்டார் என்பது அவர் கருத்து. இன்றும் அனிமேஷன் ஓவியர்கள் வைத்திருப்பது அதைத்தான்.

மை செய்ய மேற்கத்திய மடங்களில் கைகண்ட முறை ஒன்று இருந்தது. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட்டால் அந்த இடம் காய்போல் புடைக்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். அதை இடித்து ஊறவைத்து, அன்னபேதியும் பிசினும் சேர்ப்பார்கள். காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து காற்றுப் பட்டதும் கறுக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும் வரி, சற்று நேரத்தில் கரிய வரியாகி, தோலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வண்ணங்களுக்கு வருவோம். சிவப்புக்கு ஈயச் செந்தூரம். பச்சைக்குச் செம்புக் களிம்பு, அதாவது செம்பைக் காடி ஆவியில் வைத்துச் சுரண்டியெடுத்தது. மஞ்சளுக்கு ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த அரிதாரம். தூரிகை முனையை நாக்கில் வைத்தால் ஆபத்து. அரிதாரத்தோடு நீலத்தைக் கலந்து இன்னொரு பச்சை. எல்லாவற்றையும் குழைக்க முட்டை வெள்ளைக்கரு. அடிப்படைச் சரக்கு ஆறேழுதான். அதை வைத்துக்கொண்டு ஈட்ஃப்ரித் தொண்ணூறு சாயல்கள் வரை எடுத்திருக்கிறார் என்கிறார் மிஷெல் பிரவுன். தங்கம் மிகச் சில இடங்களில் பொட்டுப்பொட்டாக மட்டுமே இருக்கிறது. மஞ்சள் அரிதாரமே தங்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. எரிமலை மண்ணில் கிடைக்கும் அரிதாரத்தை மட்டும் தெற்கிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை வண்டி ஓடும் தூரத்துக்குள் தேடிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஏட்டைச் சுரண்டாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் ஒரு திருச்சிக்காரருக்குப் பங்கு உண்டு.

1921-இல் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உறுத்தியது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார்; கடல் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது. நீர்மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெரிந்துகொண்டவர், கல்கத்தாவில் ஏழு ஆண்டுகள் அதையே துரத்தினார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்தார். 1928 பிப்ரவரி 28-இல் விடை உறுதியானது. 1930-இல் நோபல் வந்தது.

ஒரு பொருளின் மேல் ஒற்றைநிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வருவதில் ஏறக்குறைய எல்லாமே அதே நிறத்தில் திரும்பும். கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறு அதிரும்போது ஒளித்துகளிடமிருந்து கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்வதே காரணம். எவ்வளவு பிடுங்கும் என்பது அணுக்களின் எடையையும் அவற்றைக் கட்டியிருக்கும் பிணைப்பின் விறைப்பையும் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அது வேறு. மேடையைப் பார்க்காமலே இது மிருதங்கம், இது கடம் என்று காது சொல்லிவிடுவதைப் போல, திரும்பி வரும் ஒளியைக் கொண்டே பொருளைச் சொல்லிவிடலாம். (ராமன் மிருதங்கத்தின் அதிர்வு குறித்து 1920-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் என்பதால் இந்த உவமையை அவர் மறுக்கமாட்டார்.)

கோடியில் ஒன்றைப் பிடிக்க 1928-இல் ஒளிப்படத் தகட்டை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 1960-இல் லேசர் பிறந்த பிறகு வேலை எளிதாயிற்று. நுண்ணோக்கியையும் அதோடு பொருத்தியபின் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஒற்றைத் துகளைக்கூடக் குறிவைக்க முடிந்தது. லேசரின் வலுவை மிகவும் குறைத்து வைத்துக்கொண்டால் ஏட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

லேபிஸ் லாசுலியின் நீலத்துக்குக் காரணம் படிகக் கூட்டில் அடைபட்ட மூன்று கந்தக அணுக்களின் கூட்டம். ராமன் நிறமாலையில் அது 548 என்ற எண்ணருகே ஓங்கி நிற்கும்.  இண்டிகோவின் மிகப் பெரிய முகடு 1570-ஐத் தாண்டித்தான் எழும். வேடிக்கை என்னவென்றால், ஈயச் செந்தூரத்துக்கும் முதன்மை முகடு அதே 548-ஐ ஒட்டித்தான். நிறம் சிவப்பு என்பதால் குழப்பமில்லை. இருந்தாலும் நீலத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி தெறித்திருக்கும் இடங்களில் ஆய்வாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கேத்தரின் பிரவுனும் கிளார்க்கும் பார்த்த நீலங்கள் இண்டிகோவையே காட்டின.

இண்டிகோ என்றதும் நமக்கு அவுரி நினைவுக்கு வரும். திண்டிவனம் பக்கம் இன்றும் அதைப் பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் அதே மூலக்கூறைத் தரும் வேறொரு செடி உண்டு: மஞ்சள் பூப்பூக்கும் வோட். இரண்டு செடிகளின் இலையிலும் நீலம் நீலமாக இருப்பதில்லை. நிறமற்ற ஒரு சேர்மமாக ஒளிந்திருக்கும். இலை நொந்து புளித்தால் அது உடையும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகும். எந்தச் செடியிலிருந்து வந்தது என்று ராமன் நிறமாலை சொல்லாது, மூலக்கூறு ஒன்றே என்பதால். ஆனால் வடக்கு இங்கிலாந்துத் துறவிக்கு எது கைக்கெட்டும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. பதக்‌ஷான் கல் தேவைப்படவில்லை. வயலில் விளைந்த இலை போதுமானதாக இருந்தது. டப்ளினில் உள்ள கெல்ஸ் ஏட்டை 2009-இல் வெளியான ஆய்வு இதே முறையில் சோதித்தபோதும் லேபிஸ் கிடைக்கவில்லை. கல்லின் விலையை ஏட்டின் அழகோடு சேர்த்துக் கணக்குப் போட்டதுதான் தப்பு. ஈட்ஃப்ரித்தின் திறமை கலவையிலும், அடுக்கிப் பூசியதிலும், ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தால் அது தூக்கிக் காட்டும் என்ற கணிப்பிலும் இருந்தது.

சோதிக்க ஏடு மிச்சமிருந்ததே அதிர்ஷ்டம். 793-இல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்னைச் சூறையாடினார்கள். 875-இல் துறவிகள் கத்பர்ட்டின் பெட்டியையும் பொக்கிஷங்களையும் தூக்கிக்கொண்டு தீவைவிட்டே கிளம்பினார்கள். ஏடு ஒருமுறை கடலில் விழுந்து, நீர் வடிந்தபின் சேதமில்லாமல் கிடைத்ததாக டர்ஹம் துறவி சிமியோன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். நீர்ச்சேதம் எதுவும் தாள்களில் தெரியவில்லை, பக்தர்கள் அதையே அற்புதத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். துறவிகள் பின்னர் தங்கிய செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் ஆல்ட்ரெட் லத்தீன் வரிகளுக்கு இடையே ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்று எஞ்சியிருக்கும் ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்புகளில் அதுவே மூத்தது. ஒரு கலைப்படைப்பின் வரிகளுக்கு நடுவே நுணுக்கி நுணுக்கி எழுதும் துணிச்சல் இன்று எவருக்கும் வராது. பில்ஃப்ரித்தின் பொன் உறை எங்கே போனது என்று தெரியாது. இப்போதுள்ள உறை 1853-இல் போட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஏடு ராபர்ட் காட்டனின் நூலகத்துக்குப் போனது. அங்கே அலமாரிகளுக்கு மேல் ரோமாபுரிப் பேரரசர்களின் சிலைகள் இருக்கும். நீரோ சிலைக்குக் கீழே ‘டி’ தட்டில் நாலாவது நூல் என்பதால் இன்றும் அதன் அடையாள எண் நீரோ டி 4. 1731-இல் அந்த நூலகம் தீப்பற்றிப் பல ஏடுகள் கருகின, இது தப்பியது.

அப்படியானால் லேபிஸ் லாசுலி ஐரோப்பிய மடங்களுக்கு வரவே இல்லையா? வந்தது, ஆனால் பிறகு. ஜெர்மனியின் டால்ஹைமில் ஒரு பெண் துறவியர் மடத்தின் கல்லறையிலிருந்து எடுத்த எலும்புகளில், சுமார் 1000-க்கும் 1162-க்கும் இடையில் இறந்த ஒரு பெண்ணின் பற்காறையில் ஆய்வாளர்களின் கண்ணில் நீலத் துகள்கள் பட்டன. உணவுத் துணுக்குகளைத் தேடப்போன இடத்தில் எதிர்பாராமல் கிடைத்தவை அவை. அங்கேயும் ராமன் நிறமாலைதான் பேசியது: லேபிஸ் லாசுலி. 2019-இல் வெளியான அந்த ஆய்வின் படி, தூரிகையை அடிக்கடி வாயில் வைத்துக் கூராக்கிக்கொண்டதே துகள்கள் பல்லில் படிந்ததற்கு மிகப் பொருத்தமான விளக்கம். இறக்கும்போது அவருக்கு வயது 45-க்கும் 60-க்கும் இடையில். கடும் உழைப்பின் தேய்மானம் எலும்புகளில் இல்லை. விலையுயர்ந்த கல்லை நம்பிக் கொடுக்கும் அளவுக்குத் தேர்ந்த ஏட்டோவியர் அவர். ஏடு எழுதியவர்கள் ஆண் துறவிகள் மட்டுமே என்று எழுதிவந்த பாடநூல்களுக்கு ஒரு பற்காறை பதில் சொல்லிவிட்டது.

லிண்டிஸ்ஃபார்ன் ஏட்டில் லேசருக்கு எளிதில் பிடிகொடுக்காத நிறம் ஊதா. தாவரச் சாயங்கள் பலவும் லேசர் பட்டால் தாமாகவே ஒளிரத் தொடங்கும். அந்த வெளிச்சத்தில் ராமன் சமிக்ஞை மூழ்கிப்போகும். இப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளக்கும் வேறு கருவிகளைத் துணைக்கு அழைக்கிறார்கள். இக்காலத்து ஏடுகளின் ஊதாவுக்கு ஆய்வாளர்கள் முதலில் சந்தேகிப்பது ஆர்ச்சில் என்ற சாயத்தைத்தான். கடலோரப் பாறைகளில் படரும் ஒருவகைக் கற்பாசியைச் (லைக்கன்) சுரண்டி எடுத்து, அமோனியாவுக்காகப் பழஞ்சிறுநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் செய்வது அது.